நூற்று அறுபத்தெட்டு

உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகத்தில்
கைப்பட்டை இறுகித் தளர்ந்ததும்
திரையில் நூற்று அறுபத்தெட்டு.
"என் பஸ் நம்பர், மிஸ்ஸி" என்றேன்.
தாதி சிரிக்கவில்லை.

முதலில் ஒரே மாத்திரை.
இரத்தக் குழாய்களை அகலத் திறந்துவிட்டது.
நூற்று ஐம்பதுக்கு இறங்கினேன்;
கணுக்கால் ஏறிக்கொண்டது.
பிடோக் சேரும் முன்பே
காலணி வாரைத் தளர்த்திவிட்டு
வீங்கிய பாதத்தால் பிரேக் மிதித்தேன்.

டாக்டர் அளவைக் கூட்டவில்லை.
துணைக்கு இன்னொன்றைச் சேர்த்துவிட்டார்.
"சுருங்கு, சுருங்கு" என்று
உடம்புக்குள் எங்கிருந்தோ
குழாய்களை விரட்டும் வாயை
அது பொத்துமாம்.
முன்னது வரவழைத்த வீக்கத்தையும்
கொஞ்சம் வடித்துக் கொடுக்குமாம்.
இரண்டும் ஒரே வில்லைக்குள்.
ஒரு சீட்டில் இருவர்,
அதுவும் முழங்கை இடிக்காமல்.
இருபத்தோரு வருடத்தில்
என் வண்டியில் நான் பார்த்ததில்லை.

காலை நாலரை, டிப்போ.
கோப்பி ஆறுவதற்குள்
வெறும் தண்ணீரில் விழுங்குகிறேன்.
மறந்த நாளில் மட்டும்
காதுக்குள் ஒரு இன்ஜின்.

நேற்று நூற்று முப்பத்திரண்டு.
அது ரோஸ்லி ஓட்டும் பஸ்.
பச்சை போய் மஞ்சள் வந்ததுமே
நிறுத்திவிடும் மனிதர்,
பின்னால் எத்தனை பேர்
ஹாரன் அடித்தாலும்.