நிலை அறிக்கை

இருநூற்றுப் பதினோராம் நாள்
பேனாக்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன.
எந்தப் பெட்டி என்று கேட்டால்
‘பலதும்’ என்று எழுதி ஒட்டிய ஏழு பெட்டிகளைக்
கை காட்டுகிறார் அகிலேசன்.

ஒரு நாளைக்கு ஒரு படம், கீழே நான்கு வரி.
யாருக்கும் வைத்த நேர்த்தியில்லை.
சனவரியில், பல்வைத்தியரின் வரவேற்பறையில்,
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
எதிரே இருந்தவரின் முழங்காலைக் கீறினேன்.
கத்தரிக்காய் போல வந்தது.
அடுத்த நாள் கத்தரிக்காயைக் கீறினேன்.
முழங்கால் போல வந்தது.
அதற்குப் பிறகு விட முடியவில்லை.

பெட்டிகளுக்கு நடுவில் அன்று கைக்கு அகப்பட்டது
தேனுகாவின் கண்மைப் பென்சில்.
டேப் உருளையைக் கீறினேன்.
எழுதியது நான்கு வரியில்லை, இரண்டு:
*முனையைக் கண்ணால் தேடாதே,
நகத்தால் தேடு.*

மறுநாள் நோபிள் பார்க்கிலிருந்து டார்னீட்டுக்கு
வாடகை வேன்.
ஓட்டிய மிலோஷ் காதில் செருகியிருந்த
தச்சுப் பென்சிலைக் கேட்டு வாங்கினேன்.
மடியில் அரிசிக் குக்கர்,
குக்கரின் மூடிமேல் கொப்பி.
வெஸ்ட் கேட் பாலத்தின் இணைப்புகளில்
சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம்
கோடு ஒருமுறை திடுக்கிட்டது.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
குளிரில் நடுங்குவதாக அமைந்துவிட்டன.
அந்தப் படத்தைக் கீறியது பாலம்.
நான் பென்சிலைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.
“என்னையோ கீறுகிறாய்?” என்றான் மிலோஷ்.
இல்லை என்றதும்
கொஞ்சத் தூரம் பேசாமல் ஓட்டினான்.

இருநூற்றுப் பதின்மூன்று இல்லை.

பழைய வீட்டுக்குத் திரும்பிப் போய்
அவனின் உட்புறத்தைத் தேய்த்தேன்,
ஜன்னல் தண்டவாளத்துத் தூசியைப்
பல்துலக்கியால் கிளறி எடுத்தேன்,
வந்து, விரிப்பில்லாத மெத்தையில்
சப்பாத்தோடு தூங்கிப்போனேன்.
அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.
பிறகு நிரப்பலாம் என்று நினைத்தேன்,
மனம் வரவில்லை.

அதற்கடுத்த நாள் ஏஜெண்டின் படிவம் வந்தது.
ஐந்து வேலை நாளுக்குள்
இந்த வீட்டின் குறைகளை நானே எழுதித் தர வேண்டும்.
எழுதாத குறை என் குறையாகும்.

*முன்கதவு.* வெளிப்புறம், அடியில், நகக் கீறல்கள்.
நாய். நடுத்தர உயரம்.
உள்ளே வரக் கேட்டிருக்கிறது.
*குளியலறை.* மூன்றாம் வரிசை ஓட்டில் வெடிப்பு,
ஆறு போலப் போய், கடலைச் சேரவில்லை.
*சலவை அறை.* குழாய் ஒழுகுகிறது.
நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு,
இரண்டு தடவை எண்ணினேன்.
*சிறிய அறை.* சுவரில் நான்கு ஆணித்துளைகள்,
நடுவே வெயில் தின்னாத ஒரு செவ்வகம்.

எழுதுகிற இடம் போதவில்லை.
ஓரத்தில் கீறத் தொடங்கினேன்.
அகிலேசன் எட்டிப் பார்த்தார்.
“உதை அனுப்பினால் விசரி எண்டு நினைப்பாங்கள்.”
“கீறல் எங்கே எண்டுதானே கேக்கிறாங்கள்,
கீறிக் காட்டுறன்.”
சிரிக்கக் கூடாது என்று இருந்தவர்
கேத்தலில் தண்ணீர் நிரப்பப் போனார்.
தேனுகா வந்து
நாய்க்கு ஒரு வால் போடச் சொன்னாள்.
நாயே இல்லை, நகம்தான் இருக்கிறது என்றேன்.
பரவாயில்லை, போடுங்கோ என்றாள்.
போட்டேன்.

ஒன்பது பக்கமும் போய்ச் சேர்ந்தன.
குழாய்க்கு ஆள் வந்தது.
இருநூற்றுப் பதினான்காம் நாள்
என் கொப்பியில் இல்லை,
ஏதோ ஒரு அலுவலகக் கோப்பில்
வாலோடு இருக்கிறது.

பழைய வீட்டின் பிணைப்பணம்
இரண்டு கிழமையில் திரும்பி வந்தது.
‘சமையலறைச் சுவர், பென்சில் கோடுகள்:
எண்பத்தைந்து டொலர் கழிக்கப்பட்டது.’
என் படத்துக்கு இதுவரை ஒருவர் போட்ட விலை.
கட்டியதும் நான்தான்.

பேனாக்கள் அகப்பட்டன.
‘பலதும்’ ஐந்தில், மழைச் சப்பாத்துக்குள்.
கறுப்பு காய்ந்திருந்தது.
வெந்நீரில் நுனியை வைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.
தண்ணீருக்குள் மை ஒரு நூலாய் இறங்குகிறது.
வேறு எதையும் தேடாமல்
இன்றைக்கு இதையே கீறலாம்.