தலைப்பு எழுதாத செலவு

வாட்ஸ்அப்பில் வந்தது அடைக்கலத்தின் செலவுச் சீட்டு.
டீசல், டோல், போலீஸ், சாப்பாடு.
அடியில், பென்சிலில்:
பனிச் சங்கிலி ஒரு ஜோடி, நாலாயிரத்து இருநூறு.

பங்குனி. புதுவயலில் நூற்று நாலு டிகிரி.
எதிர் ரைஸ்மில் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் கிளறியவர்கள்
சுவர் நிழலுக்கு ஓடி ஓடி வந்தார்கள்.
லாரி ஆபீஸ் கணக்கு என் பொறுப்பு.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
உதிரிபாகமா, டயர் வகையா?
சாமி செலவு என்றும் ஒன்று உண்டு,
எலுமிச்சம்பழத்துக்கும் சூடத்துக்கும்.

லோடு என்னவென்றால்
காரைக்குடியில் பிரித்துப்போட்ட வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்கள், பதினாறு.
மணாலிக்கு மேலே யாரோ ஓட்டல் கட்டுகிறார்.
வெயிலுக்காக உயர்த்திய கூரையைச் சுமந்தவை
இனிமேல் பனியைச் சுமக்கும்.

டயர் கடை முத்துக்கருப்பன் சிரித்தார்.
"இப்ப வர்ற டயருக்குச் சங்கிலி எதுக்கும்மா?
பூனை நகம் மாதிரி வெட்டு. குளிர்லயும் ரப்பர் இறுகாது.
கம்பெனிக்காரன் படம் போட்டே காட்டுனான்."
படம் எடுத்தது எந்த மலையில் என்றேன்.
ஸ்வீடனோ என்னமோ, என்றார்.
அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.
எனக்குப் பனி என்றால்
மார்கழி விடியலில் ஸ்கூட்டி சீட்டில் துடைப்பது.
ஐஸ் என்றால் மீன் பெட்டி.

திரும்பி வந்ததும் அடைக்கலத்திடம் கேட்டேன்.
தேவகோட்டை ஆள். எண்ணித்தான் பேசுவார்.
"முன்னால ஒரு டேங்கர். புது டயர்தான்.
பொடிப் பனியில நல்லாவே ஏறுச்சு.
அப்புறம் வெயில் படாத வளைவு.
பகல்ல உருகுனது ராத்திரி இறுகி, கண்ணாடி.
சத்தமே இல்லாமத் திரும்பி
எங்களைப் பாத்துச்சு டேங்கர்."
அதற்குமேல் டேங்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சம் சொன்னது கிளீனர் சேவுகன்.
கையுறை போட்டால் கொக்கி மாட்டாது,
கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும்.
ஒரு சக்கரத்துக்கு நாற்பது நிமிஷம்.
பிறகு மூன்று கிலோமீட்டர், ஆள் நடக்கிற வேகத்தில்,
கொல்லன் பட்டறையையே இழுத்துப் போவது போலச் சத்தம்.
அதற்கப்புறம் வெறும் தார். உடனே கழற்ற வேண்டும்,
இல்லாவிட்டால் சங்கிலி டயரைத் தின்றுவிடும்.

மூன்று கிலோமீட்டர்.
போகிற வழி மட்டும் மூவாயிரம்.
"பாத்தீங்களா, ஆயிரத்துல ஒண்ணு"
என்றார் முத்துக்கருப்பன், ஜெயித்த குரலில்.
நானும் அதையேதான் சொல்ல வந்திருந்தேன்.

அடுத்த குளிருக்குப் புது டயரும் போட்டோம்,
சங்கிலியும் போயிற்று.
சாக்கு பிரிக்கப்படவில்லை.
வழி முழுக்க ஒரு பொட்டு வெள்ளை இல்லை என்று
கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார் அடைக்கலம்.
முப்பது கிலோ தண்டச் சுமை, இது முதலாளி.

அந்தத் தையில், பெய்யக் கூடாத மழை.
கண்மாய்க் கரையோரம் நெல் ஏற்றப் போன வண்டி
செம்மண் சேற்றில் அச்சுவரை இறங்கியது.
வைக்கோல் போட்டார்கள், பலகை போட்டார்கள்.
டிராக்டர்காரன் போனை எடுக்கவில்லை.
சேவுகன் சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தான்.
"என்னடா, வண்டிக்குக் கொலுசா?"
களத்து ஆட்கள் சிரித்து முடிப்பதற்குள்
வண்டி மேலே நின்றது,
எல்லார் வேட்டியிலும் சேறு.

மறுநாள் என் மேஜைக் காலடியில் சங்கிலி.
காய்ந்த செம்மண் உதிர்ந்துகொண்டிருந்தது.
ஒரு கொக்கியைக் காணோம்.
எங்கே என்றேன்.
"மேல" என்றான் சேவுகன், கையை வடக்கே காட்டி.

பட்டறையில் புதுக் கொக்கி அடிக்கச் சொன்னேன்.
அறுபது ரூபாய்.
தொகையை எழுதிவிட்டேன்.