சாவி எங்க வே?

அரையாண்டு லீவு. மார்கழி ஆறு மணி.
பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானம்
பனியில் ஊறிய சாக்காகக் கிடக்கிறது.
கேட்டைத் திறந்த வாட்ச்மேன் ஆசீர் சொன்னார்:
"தங்கம் கெடைச்சா பாதி எனக்கு, பாத்துக்கிடும்."

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கருவி முதலில் கத்தியது.
சோடா மூடி.
அடுத்ததும் சோடா மூடி.
அப்புறம் ஒரு பம்பர ஆணி,
கட்டையைக் கறையான் தின்றிருந்தது.

வேம்படியில் சத்தம் மாறிற்று.
முழங்கால் நனையச் செம்மண்ணைக் கிள்ளினால்
ஒரு காம்பஸ்.
அதன் வளையத்தில் இன்னும் பென்சில் துண்டு.
யார் நோட்டிலோ பாதியில் நிற்கிறது
ஒரு வட்டம்.

வெயில் ஏறியபின் டீயோடு வந்தார் ஆசீர்.
சாவிக்கொத்தைக் கீழே போட்டுக் காலால் மண் தள்ளி
"இதக் கண்டுபிடிக்கா பாப்பம்" என்றார்.
அலறியது. சிரித்தார். இடம் மாற்றிப் புதைத்தார்.
நாலு தடவை.
ஐந்தாவது தடவை
சாவிக்குப் போகும் வழியில் மெலிதாக வேறொன்று:
இருபத்தைந்து பைசா,
காண்டாமிருகத்தின் முதுகில் பச்சைக் களிம்பு.
"பாதி" என்று கை நீட்டினார்.
பன்னிரண்டரைப் பைசாவுக்கு
இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம்.

குழிகளை மூடி மிதித்து,
கருவியை மடக்கி,
பைக்கை எடுக்கும்போதுதான்
சட்டைப்பை, டிரவுசர்பை, டீ வாளி எல்லாம் தடவிவிட்டு
என்னைப் பார்த்தார்.