மணிக்கட்டு

பகலில் நோயாளிகளுக்கு வேண்டும் இயந்திரம்.
இரவு பத்துக்கு மேல்தான் வந்தார்கள்
பதினேழு வயதுக்குட்பட்டோர் தேசிய அணி,
இருபத்திரண்டு பேர், ஒரே மினிபஸ்ஸில்,
ஆரஞ்சு நிறப் பனியனில்.
நியாமே நகரம் வெளியே வெந்துகொண்டிருக்க
என் அறையின் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு
வரிசையில் நின்றார்கள்.

பெல்ட்டைக் கழற்று. சில்லறையை எடு.
தாயத்தையும்தான், தம்பி.
(தட்டு நிறையத் தோல் தாயத்துகள்.
எது யாருடையது என்று
பிறகு ஒரு சிறு சண்டையே நடந்தது.)

பயிற்சியாளர் மூமூனி நீட்டிய கோப்பில்
பதினோரு பேர் பிறந்தது ஜனவரி ஒன்று.
முழுசாய் ஓர் அணி.
எழுதிய குமாஸ்தா நேர்மையானவர்,
முன்னால் 'சுமார்' சேர்த்திருந்தார்.
என் சான்றிதழிலும் அந்தச் சொல் உண்டு.
அதை யாரும் இதுவரை படம் எடுத்துப் பார்த்ததில்லை.

நான் கைரேகை பார்ப்பவள் இல்லை.
பார்ப்பது இன்னும் உள்ளே:
ஆரை எலும்பின் நுனியில்
வளர்ச்சி தன் வேலையை முடிக்கும்வரை
ஒரு கறுப்புக் கோடு இருக்கும்,
முழுக்கச் சாத்தாத கதவின் இடுக்கு போல.
மூடிவிட்டால் 'ஆறு' என்று எழுத வேண்டும்.
ஆறு என்றால் வீடு.

கோல்கீப்பர் லவாலி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.
கேப்டன் பூபே திரையை எட்டிப் பார்த்து
"அது நானா?" என்றான்.
நீதான். இரண்டு. நிறைய நேரம் இருக்கிறது, போ.

கடைசியில் ஹசானும் ஹுசைனியும்.
இடது ஓரத்தில் தடுப்பவன் ஹுசைனி,
கோல் போடுபவன் ஹசான்.
மொத்தக் கோப்பிலும்
நேரம் குறித்த சான்றிதழ் இவர்களுக்கு மட்டும்:
ஒரே மருத்துவமனை, ஒரே இரவு,
இரண்டு பத்து. இரண்டு இருபத்தொன்று.

அசையாதே என்றேன். அசையவில்லை.
இயந்திரம் தகரத்தை அடிக்கத் தொடங்கியது.
"இதுக்கு ஆடலாம் போல இருக்கே அக்கா"
என்றான் ஹசான், குழாய்க்குள்ளிருந்து.

ஹுசைனியின் எலும்பில் கோடு இருந்தது.
ஹசானின் எலும்பில் இல்லை.

மறுபடி எடுத்தேன்.
பெயரைச் சரிபார்த்து மறுபடி எடுத்தேன்.
தட்டில் கிடந்த தாயத்துகளைக்கூட
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
எங்கோ ஒரு பையனுக்கு எலும்பு அவசரப்படும்,
பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"ஒரே வயிறு ஐயா" என்றார் மூமூனி.
கூட்டமைப்பு அதிகாரி பேனாவை மூடினார்.
"வயிற்றுக்கு விதி இல்லை.
மணிக்கட்டுக்கு இருக்கிறது."

விடியப் போகும் நேரம்
தட்டில் தன் தாயத்தைத் தேடி எடுத்தபடி
ஹசான் கேட்டது ஒன்றுதான்:
"அப்படின்னா நான் எப்போ பிறந்தேன்?"
நான் ஜெனரேட்டரை அணைக்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்து, காத்திருப்புக் கூடத்துத் தொலைக்காட்சி.
அபிஜானில் மழை. பந்து நின்று நின்று போனது.
காலில் மாவுக்கட்டோடு ஒருவர்,
பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒருத்தி, நான்.
மூன்றுக்குப் பூஜ்யம், அவர்களுக்கு.
எண்பத்தெட்டாவது நிமிடம்.
இடது ஓரத்தில் நிற்க வேண்டியவன்
ஏன் அங்கே வந்தான் தெரியாது,
முழங்காலில் பட்டு, அழகே இல்லாமல்,
உள்ளே போனது.

யாரும் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை,
பந்தை எடுக்க ஓடினார்கள்.
அவன் மட்டும் கேமரா முன் வந்து நின்று
இடது மணிக்கட்டை உயர்த்தி
வலது விரலால் இருமுறை தட்டினான்.

"நடுவரிடம் நேரம் கேட்கிறான்" என்றார் வர்ணனையாளர்.
"இரண்டு நிமிடம் இருக்கிறது, பையா."

மாவுக்கட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தை
நிமிர்ந்து பார்த்தார்.
சரியாகத்தான் ஓடுது என்றார்.