இரண்டரை சென்டிமீட்டர்

காஸ்மு கரையில் கிடக்கும் பாறைகளில்
ஒன்றுகூட உள்ளூர்க்காரன் இல்லை.
அடியில் இருப்பது எஸ்தோனியாவின் களிமண்,
மேலே இருப்பது பின்லாந்து.
பனி இழுத்துக்கொண்டு வந்து
போட்டது போட்டபடி உருகிப்போனது:
பெறுநர் முகவரி இல்லாத பார்சல்.

ஆறாம் வகுப்பில் இதைச் சொன்னபோது
யோசெப் கொட்டாவி விட்டான்.
டிசம்பர். மூன்றரைக்கே ஜன்னலில் இருட்டு.
அவனைக் குறைசொல்ல முடியாது.

ஆகவே ஒரு கல்லைத்
திருப்பி அனுப்பிப் பார்த்தோம்.

முட்டையளவுத் துண்டு.
இளஞ்சிவப்பில் வட்ட வட்டமாய்க் கண்கள்.
நூற்றறுபது கோடி வயது.
மிர்தெல் அதில் துளைபோட்டு
(மூன்று ஊசி உடைந்தன, அவள் அப்பாவின் துரப்பணத்தில்)
எண் பொறித்த பயணத் தகட்டைக்
கம்பியில் கோத்தாள்.
அட்டையில் மூன்று மொழியில் எழுதினோம்:
"நான் ஊர் மாறி வந்தவன்.
என்னைப் பின்லாந்தில் விட்டுவிடுங்கள்.
வழியில் எந்தப் பாறையைக் கண்டாலும்
அதோடு என்னைப் படமெடுங்கள்."
பைன் வேரிடுக்கில் ஒளித்த ஜியோகேச் டப்பாவில்
போட்டு மூடிவிட்டு வந்தோம்.

பத்தாம் நாள் யாரோ எடுத்தார்கள்.
பனிக்கு எத்தனை ஆயிரம் ஆண்டு பிடித்திருக்கும் என்று
நாங்கள் கரும்பலகையில் கணக்குப் போடுகையில்
கல் கப்பலேறி, இரண்டே மணி நேரத்தில்
ஹெல்சிங்கியில்
காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் சிரித்தது.
கை தட்டினோம். வீட்டுக்கு இன்னும்
நூறு கிலோமீட்டர்தான்.

அடுத்து எடுத்தவருக்கு
அட்டை படிக்கப் பொறுமை இல்லை போலும்.
நார்வேயில் ஒரு படம், துணிபோல் மடிந்த பாறையில்.
ஸ்காட்லாந்தில் ஒன்று,
சிவப்பு மணற்கல் மேல், மழையில் நனைந்து.
"கடத்துறாங்க!" என்று யோசெப் எழுந்தே நின்றான்.
பாறை ஏன் மடிகிறது என்று
புத்தகத்தை அவனே எடுத்தான்,
கடத்தல்காரரைத் துரத்துகிற வேகத்தில்.
சுவர் வரைபடத்தில் சிவப்பு நூல்
வீட்டைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது.

பிறகு ஐஸ்லாந்து.
குழம்பு உறைந்த கருவெளி, பாசிப் பொந்து, ஒரு டப்பா.
அதோடு சரி.

பதினைந்து மாதம்
தளத்தைத் திறந்தால் ஒரே வரி:
நகர்ந்த தூரம் பூஜ்யம்.
நூல் தொய்ந்தது. பசைநாடா உரிந்தது.
பனிச்சறுக்குப் போட்டி அறிவிப்புக்கு இடம் வேண்டுமென்று
வரைபடத்தைச் சுருட்டி
அலமாரிக்குப் பின்னால் வைத்தவள் நான்தான்.

ஒருநாள் மிர்தெல்,
இப்போது ஏழாம் வகுப்பு,
ஈர பூட்ஸோடு வந்து நின்றாள்.
"பூஜ்யம் தப்பு."
எதைச் சொல்கிறாய் என்றேன்.
"அந்த டப்பா இருப்பது பிளவுக்கு மேற்கே.
மேற்கே என்றால் அமெரிக்கத் தட்டு.
வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்
நம்மை விட்டு விலகுது.
பெருக்கிப் பாருங்க."

பெருக்கினேன்.
என் மேஜையில் கிடந்த
பாதி தேய்ந்த ரப்பரின் நீளம் வந்தது.

தட்டுகள் நகர்கின்றன என்று சொல்லி
இருபது ஆண்டாய்ச் சம்பளம் வாங்குகிறேன்.
ஒருநாளும்
நாற்காலியைப் பிடித்துக்கொண்டதில்லை.

அன்று மாலை கல்லின் பக்கத்தில்
ஒரு புதுப் பதிவு:
"இரண்டரை சென்டிமீட்டர். தப்பான திசை.
பரவாயில்லை, மெதுவாகத்தான் போகிறான்."

மறுநாள் வந்து பார்த்தால்
என் நாற்காலிக் காலில்
கம்பியால் கட்டிய தகரத் துண்டு.
எண் இல்லை. யோசெப்பின் கோணல் எழுத்து.
போய்ச்சேர வேண்டிய இடம் என்ற வரிக்கு எதிரே:
"தெரியலை. கிளம்பியாச்சு."