தலையில் இரண்டு புள்ளி

கோத்தன்பர்க்கில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பத்தாயிரம் குடும்பங்களைத் திரையில் இறக்கியிருக்கிறேன்,
பாதி நீலம், பாதி மஞ்சள்.
முப்பது பள்ளிகள். நடுவில் ஆறு.

யார் மனதிலும் நான் வெறுப்பை எழுதவில்லை.
சத்தியமாக. நிரலைத் திறந்து பார்க்கலாம்.
எழுதியது இவ்வளவுதான்:
வகுப்பில் மூன்றில் ஒரு பங்காவது
நம் பிள்ளையைப் போல இருக்கட்டும்,
டிராமில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
கேட்கிற எவரும் நியாயம்தானே என்பார்கள்.
என் மகள் துவா பிறந்த வாரமே
ஒரு பள்ளியின் வரிசையில் பெயர் போட்டு வைத்தவன் நான்.

ஓட்டினேன்.
முதல் வருடம் ஒன்றுமில்லை.
மூன்றாம் வருடம் ஒரு பள்ளியிலிருந்து நான்கு நீலம் விலகியது.
நான்கு விலகியதால் ஒன்பது.
பால் திரியும்போது
எந்தத் துளி முதலில் என்று யார் கண்டது?
பன்னிரண்டாம் வருடம் அக்கரை முழுக்க மஞ்சள்,
இக்கரை முழுக்க நீலம்,
ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விதை எண்ணை மாற்றி மறுபடி, மறுபடி, நானூறு தடவை.
நானூறிலும்
வடகரையில் ஒரே ஒரு பள்ளி
கலந்தபடியே நின்றது.

எனக்குள் ஏதோ துள்ளியது, ஒளிப்பானேன்.
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

இஃப்ராதான் கண்டுபிடித்தாள்.
ஒரு டிராம் நிறுத்தத்தின் பெயரில்
எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகள்
தரவில் விழுந்துபோயிருந்தன.
பெயர் பொருந்தவில்லை. டிராம் அங்கே நிற்கவே இல்லை.
இருநூறு குடும்பங்கள்
போக வழியில்லாமல்
பக்கத்துப் பள்ளியிலேயே பிள்ளைகளை விட்டிருந்தன.

"நல்லவர்கள் என்று நினைத்தாயா?" என்றாள்.
பிறகு, "நீ எந்தப் பள்ளி?"
சொன்னேன்.
"பெயரைக் கேட்டாலே நிறம் தெரிகிறது" என்று சிரித்தாள்,
நானும் சிரித்தேன், அவள் அளவுக்கு இல்லை.

புள்ளிகளை வைத்தேன்.
ஒன்பதாம் வருடம் அந்தப் பள்ளியும் பிரிந்தது.
பிழை சரியானது என்று பதிவேட்டில் குறித்தேன்.
பழைய கோப்பை அழிக்கவில்லை.
ஏன் என்று இஃப்ரா கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகையில் டிராம் அங்கே நின்றது.
பலகையில் இரண்டு புள்ளியும் இருந்தன,
ஈரத்தில் மின்னிக்கொண்டு.
பள்ளிப் பையோடு ஒரு சிறுமி ஏறினாள்,
என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது,
அவள் கடைசிவரை நின்றுகொண்டே வந்தாள்.