ஆப்ப சோடா

அமிலம் முதலில் நூலைத்தான் தின்னும்.
காலையில் போட்ட பஞ்சுச் சட்டையை
மாலையில் கழற்றினால்
பொத்தான்கள் மட்டும் கையில் மிஞ்சும்.
இந்தக் குளிர்காலத்தில் எனக்கு மூன்று சட்டை போயிற்று.
கிடங்குக்காரன் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துக் கேட்டான்.

யூரல் மலைக்குக் கிழக்கே
உறைந்த ஏரிதான் ஓடுபாதை.
ஒட்டுப்பலகை விமானம், அடியில் சறுக்குக் கட்டைகள்,
வாலில் ஒரு குழல். அதற்குள்
மண்ணெண்ணெயும் அமிலமும் சந்தித்தால் வேகம்.
வேறெங்கு சந்தித்தாலும் சாவு.
தொட்டி அர்செனியின் முதுகுக்குப் பின்னால்,
ஒரு தகடு தள்ளி.

என் வேலை வாளி.
சோடா கரைத்த தண்ணீர், ஆறு வாளி.
அவன்மேல் பட்டால் ஊற்ற வேண்டும்,
யோசிக்காமல், முகத்திலிருந்து தொடங்கி.
உறையாதிருக்கக் கந்தல் சுற்றி அடுப்போரம் வைத்திருப்பேன்.
போகும்போதெல்லாம் விரல் விட்டுப் பார்ப்பான்:
"சூடு போதாது ருஃபீனா. நான் குளிக்க வேண்டாமா?"

ஒருமுறை இணைப்பு கசிந்து இடது கையுறை புகைந்தது.
ஊற்றினேன். தோலோடு வந்தது.
மூன்றாம் வாரம் திரும்ப ஏறினான்,
கட்டைவிரல் மடங்காமலே.

ஏழாம் முறை
இன்னும் வேகம் கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.
அந்த வேகத்தில் காற்று என்ன செய்யும் என்று
போய்த் திரும்பிச் சொன்னவர் யாருமில்லை.
வெள்ளைக் கோடு நேராகத்தான் போயிற்று.
பிறகு யாரோ பிடரியில் தட்டியதுபோல்
மூக்கு கவிழ்ந்தது.
பொறியாளர் கடிகாரத்தை நிறுத்த மறந்து நின்றார்;
அது ஓடிக்கொண்டேயிருந்தது.

இரண்டு கையிலும் வாளியோடு ஓடினேன்.
பாதி பனியில் சிந்திற்று.
போய்ச் சேர்ந்த இடத்தில்
ஊற்ற முகம் இல்லை.

கட்டுப்பாட்டுத் தடியை அடிவயிறு வரை
இழுத்தபடி இருந்தானாம்.
எழுத்தர் குறித்துக்கொண்டார்: காரணம் தெரியவில்லை.

ராத்திரி சமையற்கட்டிலிருந்து ஃபியோக்லா வந்தாள்.
துக்கச் சாப்பாட்டுக்கு அப்பம் சுட வேண்டும்,
கறுப்பு மாவு, பொங்கமாட்டேன் என்கிறது.
"உன்னிடம் சோடா இருக்குமே?"

பொட்டலத்தைப் பிரித்து அளந்து கொடுத்தேன்.
கிடங்குப் பேரேட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
"பயன்பட்டது" என்றெழுதினேன்.

நன்றாக உப்பியிருந்தது.
ஆளுக்கு இரண்டு தின்றோம். பசி.
மூன்றாவது கேட்டான் ஒரு பையன்,
கேட்டுவிட்டு அழுதான்.

விடிந்ததும் பலகையில் அடுத்த பெயர்.
வாளிக்குள் விரல் விட்டுப் பார்த்தேன்.
இன்னொரு விறகு வைத்தேன்.